பல அணி கண்ட பனி ஹாக்கி வீரரின் பருவப் பட்டியலை வாசிப்பது எப்படி?

பனி ஹாக்கி வீரர் ஒருவரின் தொழில் வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு பட்டியலுக்குள் அடங்கிவிடும். பருவத்துக்கு ஒரு வரி. அந்த வரியில் அணியின் பெயர், லீக்கின் பெயர், ஆடிய ஆட்டங்கள், அடித்த கோல்கள், கோலுக்குச் செய்த உதவிகள், இரண்டின் கூட்டுத்தொகையான புள்ளிகள், தண்டனையாகக் களத்துக்கு வெளியே உட்கார்ந்த நிமிடங்கள். நட்சத்திர வீரரின் பட்டியலை வாசிக்க யாருடைய துணையும் வேண்டாம்: அணியின் பெயர் அப்படியே இருக்க, எண்கள் ஏறி, உச்சம் தொட்டு, இறங்கும். ஊர் ஊராக மாறிய வீரரின் பட்டியல் அப்படியல்ல. அதில் ஒரே பருவத்துக்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கும், லீக்குகள் கலந்திருக்கும், நடுவில் ஒரு வருடம் காணாமல் போயிருக்கும். இந்தக் கட்டுரை அத்தகைய பட்டியலை முறையாக வாசிக்கும் வழியைச் சொல்வது. வழிநெடுக ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வோம்.

அவர் மைக் சிலிஞ்சர். கனடாவின் சஸ்காட்சுவன் மாகாணத்தில் ரெஜைனா நகரில் 1971இல் பிறந்தவர். அணிகள் இளம் வீரர்களை முறைவைத்து எடுக்கும் வீரர் தேர்வில், 1989ஆம் ஆண்டு டெட்ராய்ட் அணி அவரை 11ஆவது இடத்தில் எடுத்தது. அதன் பிறகு அனஹைம், வான்கூவர், பிலடெல்பியா, டாம்பா பே, ஃப்ளோரிடா, ஒட்டாவா, கொலம்பஸ், ஃபீனிக்ஸ், செயின்ட் லூயிஸ், நாஷ்வில், நியூயார்க் ஐலண்டர்ஸ் என்று மொத்தம் 12 அணிகளுக்காக அவர் வட அமெரிக்காவின் முதன்மை லீக்கான என்.எச்.எல். லீக்கில் ஆடினார், அந்த லீக்கில் அத்தனை அணிகளின் சட்டையை அவருக்கு முன் யாரும் அணிந்ததில்லை. முதன்முறை பார்ப்பவர், எந்த அணியும் வைத்துக்கொள்ள விரும்பாத ஆள் போலிருக்கிறது என்றுதான் நினைப்பார். ஆனால் அதே பட்டியலின் கடைசி வரியில் கூட்டுத்தொகை இருக்கிறது: 17 பருவங்கள், 1,049 ஆட்டங்கள், 240 கோல்கள், 308 உதவிகள், 548 புள்ளிகள். வேண்டாத ஆளை யாரும் ஆயிரம் ஆட்டங்களுக்கு மேல் களத்தில் இறக்குவதில்லை. ஆகவே அணிப் பெயர் மாறும் ஒவ்வொரு இடத்திலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி, அவரை யார் விட்டார்கள் என்பது மட்டுமல்ல, யார் கேட்டார்கள் என்பதும்தான்.

முதலில் லீக்கின் பெயரை வாசியுங்கள்

அணிகளின் நெடுவரிசையைக் கையால் மறைத்துவிட்டு, லீக்குகளின் நெடுவரிசையை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை படியுங்கள். வட அமெரிக்கத் தொழில்முறை ஹாக்கி மூன்று மாடிக் கட்டடம் போன்றது. மேல்மாடி என்.எச்.எல்., 32 அணிகள். அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதிலும் 32 அணிகள். ஒவ்வொன்றும் ஒரு என்.எச்.எல். அணியோடு இணைக்கப்பட்டது. அதற்கும் கீழே 1988இல் தொடங்கிய ஈ.சி.எச்.எல்.; அதன் அணிகளிலும் பெரும்பாலானவை மேல்மாடி அணி ஒன்றோடு உறவு கொண்டவை.

இந்த இணைப்பு தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். ஒரே பருவத்தில் வான்கூவர் என்று ஒரு வரியும் அபட்ஸ்ஃபோர்ட் என்று ஒரு வரியும் இருந்தால், அந்த வீரர் அணி மாறவில்லை. ஒரே நிறுவனத்துக்குள் மேலும் கீழும் ஏறி இறங்கியிருக்கிறார். டொராண்டோ மேப்பிள் லீஃப்ஸ், டொராண்டோ மார்லீஸ் ஆகிய இரண்டு வரிகளுக்கு நடுவே இருப்பது ஒரே நகரத்துக்குள் ஒரு சிறு பயணம். எட்மன்டன், பேக்கர்ஸ்ஃபீல்ட் ஆகிய இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு நாட்டின் எல்லையே இருக்கிறது. ஒப்பந்தத்தின் கண்ணில் இரண்டும் ஒன்றுதான், பெட்டி கட்டுபவருக்கு அப்படியில்லை.

இங்கே சம்பளத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். பட்டியலில் அதற்கு இடமில்லை என்றாலும், வரிகள் அப்படி அமைந்ததற்குப் பல நேரங்களில் காரணம் அதுவே. இருவழி ஒப்பந்தம் என்று ஒன்று உண்டு: மேல்மாடியில் இருக்கும் நாட்களுக்கு ஒரு சம்பளம், கீழே இருக்கும் நாட்களுக்கு அதைவிட மிகக் குறைந்த இன்னொரு சம்பளம். 2023–24 பருவம் முதல் 2025–26 வரை என்.எச்.எல். லீக்கின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,75,000 அமெரிக்க டாலர். அது நாட்கணக்கில் வகுத்துக் கொடுக்கப்படுவது. களத்தில் இறங்காமல் மேல்தளத்து இருக்கையில் உட்கார்ந்து ஆட்டம் பார்த்தாலும், அணியின் பதிவேட்டில் பெயர் இருந்தால் அந்த நாளின் சம்பளம் உண்டு. ஆகவே என்.எச்.எல். வரியில் ஆட்டங்கள் வெறும் 7 என்று கண்டால் அவசரப்பட்டு இரங்க வேண்டாம். அந்த ஏழு ஆட்டங்களைச் சுற்றி நாற்பது நாள் சம்பளம் இருந்திருக்கக்கூடும்.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏ.எச்.எல். லீக்கில் ஆடுபவர்கள் எல்லோரும் மேல்மாடி அணியின் சொத்து அல்லர். ஒவ்வொரு என்.எச்.எல். நிறுவனமும் ஒரே நேரத்தில் 50 ஒப்பந்தங்கள் வரைதான் வைத்திருக்கலாம். அந்த ஐம்பதுக்குள் வராத சிலர் ஏ.எச்.எல். அணியோடு மட்டும் ஒப்பந்தம் செய்துகொண்டு ஆடுவார்கள். அவர்கள் எவ்வளவு நன்றாக ஆடினாலும், புதிய ஒப்பந்தம் போடாமல் மேலே அழைக்க முடியாது. கீழ் லீக்கில் நல்ல எண்கள் வைத்திருந்தும் ஒரு முறைகூட மேலே போகாத வீரரைக் கண்டால், திறமையைச் சந்தேகிக்கும் முன் ஒப்பந்தத்தைச் சந்தேகியுங்கள்.

அணி ஏன் மாறியது என்று கண்டுபிடியுங்கள்

ஓர் அணிப் பெயர் இன்னொன்றாவதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு: அணிகளுக்கு இடையிலான பரிமாற்றம், வேவர் பட்டியல் வழியாக எடுத்துக்கொள்ளப்படுதல், ஒப்பந்தம் முடிந்து சுதந்திரமாகச் சேர்தல். பரிமாற்றத்தை எளிதில் அடையாளம் காணலாம். அது பெரும்பாலும் பருவத்தின் நடுவில், ஒரே பருவத்துக்கு இரண்டு என்.எச்.எல். வரிகளாக வரும். அப்படிப்பட்ட இடத்தில் அந்த ஆண்டின் அணிகளுடைய தரவரிசையைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். விட்ட அணி எந்த இடத்தில் இருந்தது? எடுத்த அணி எந்த இடத்தில் இருந்தது?

சிலிஞ்சரின் 2005–06 வரிகள் இதற்குப் பாடம் போன்றவை. செயின்ட் லூயிஸ் அணிக்காக 48 ஆட்டங்களில் 22 கோல்கள், பிறகு நாஷ்வில் அணிக்காக 31 ஆட்டங்களில் 10 கோல்கள். அந்தப் பருவத்தில் செயின்ட் லூயிஸ் லீக்கிலேயே கடைசி. நாஷ்வில், பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்குப் போன அணி. 2006 ஜனவரி இறுதியில் நடந்த அந்தப் பரிமாற்றத்தில், கோப்பைக்கு வாய்ப்பில்லாத அணி ஒன்று எதிர்காலத்துக்காக இளைஞர் ஒருவரை வாங்கிக்கொண்டது; வாய்ப்புள்ள அணி அன்றைய தேவைக்காக 34 வயதுக்காரரை வாங்கியது. மொத்தம் 32 கோல்கள். அதுவே அவர் வாழ்நாளின் சிறந்த பருவம். இரண்டு வரிகளாக உடைந்து கிடப்பதால் பலர் கண்ணில் படாத பருவமும் அதுதான். பருவம் உடைந்திருந்தால் கூட்டிப் பார்க்காமல் நகரக் கூடாது. அந்தக் கோடையில் ஐலண்டர்ஸ் அணி அவருக்கு மூன்று ஆண்டு ஒப்பந்தம் தந்ததற்கான காரணம் அந்தக் கூட்டுத்தொகையில்தான் இருக்கிறது. 2001 மார்ச்சில் ஃப்ளோரிடாவிலிருந்து ஒட்டாவாவுக்கு அவர் போனதும் இதே வகை: பின்தங்கிய அணி விட்டது, முன்னணியில் இருந்த அணி பருவத்தின் கடைசி வாரங்களுக்கும் பிளே-ஆஃப் சுற்றுக்கும் எடுத்தது, கோடை வந்ததும் அவர் கொலம்பஸில் கையெழுத்திட்டார். வாடகைக்கு எடுத்ததைப் போன்ற இந்த ஏற்பாட்டை நிராகரிப்பு என்று வாசிப்பது பிழை.

பட்டியலில் இல்லாத பரிமாற்றமும் உண்டு. 2003 கோடையில் கொலம்பஸ் சிலிஞ்சரை டல்லஸ் அணிக்கு அனுப்பியது. டல்லஸ் அந்தக் கோடையிலேயே அவரை ஃபீனிக்ஸுக்கு அனுப்பிவிட்டது. டல்லஸ் சட்டையை அவர் ஓர் ஆட்டத்திலும் அணியாததால், பட்டியலில் அந்த நகரம் இல்லை. அணிகளின் எண்ணிக்கையும் பரிமாற்றங்களின் எண்ணிக்கையும் ஒத்துவரவில்லையே என்று திகைப்பவர்கள் இப்படிப்பட்ட கோடைகளைத் தேட வேண்டும்.

வேவர் முறையைப் புரிந்துகொள்ளச் சற்றுப் பொறுமை வேண்டும். குறிப்பிட்ட அனுபவத்தைத் தாண்டிய ஒருவரை என்.எச்.எல். அணி கீழ் லீக்குக்கு அனுப்ப விரும்பினால், முதலில் அவர் பெயரை மற்ற அணிகள் முன் 24 மணி நேரம் வைக்க வேண்டும். எந்த அணியும் பரிமாற்றமாக எதையும் தராமல் அவரையும் அவருடைய ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால், தரவரிசையில் பின்தங்கிய அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்காவிட்டால்தான் கீழே அனுப்ப முடியும். அப்படிக் கடந்து வந்தவர் மறுபடி மேலே அழைக்கப்பட்டால், 10 ஆட்டங்கள் ஆடும் வரையிலோ, 30 நாட்கள் பதிவேட்டில் இருக்கும் வரையிலோ, மீண்டும் வேவர் இல்லாமலே கீழே அனுப்பப்படலாம். முப்பது வயதை நெருங்கும் ஒருவரின் பட்டியலில் என்.எச்.எல். ஆட்டங்கள் 8 அல்லது 9 என்று நின்றுவிடுவதற்குப் பின்னால், பல சமயம், ஆட்டத்தின் தரத்தைவிட இந்த எண்ணிக்கைதான் இருக்கும். அதே 9 பதினெட்டு, பத்தொன்பது வயதுக்காரரின் வரியில் வந்தால் பொருள் வேறு: அவர் பத்தாவது ஆட்டத்தில் இறங்கினால் முதல் ஒப்பந்தத்தின் ஓராண்டு கழிந்துவிடும் என்பதற்காக அணி அவரை அதற்கு முன்பே இளையோர் லீக்குக்குத் திருப்பி அனுப்பியிருக்கும். எண் ஒன்று, கதை இரண்டு. பிறந்த ஆண்டைப் பார்க்காமல் எந்த வரியையும் முடிவு செய்யாதீர்கள்.

இருபத்தாறு, இருபத்தேழு வயதில் நிதானியுங்கள்

பல அணி கண்ட வீரரின் பட்டியலில் மிகவும் தவறாக வாசிக்கப்படும் பகுதி இதுதான் என்பது என் எண்ணம். ஏ.எச்.எல். லீக்கில் நான்கு ஆண்டுகள் நன்றாக ஆடிய ஒருவர், புள்ளிகள் குறையாமலே, திடீரென்று ஈ.சி.எச்.எல். லீக்கிலோ ஜெர்மனியிலோ தோன்றுவார். ஆட்டம் போய்விட்டது என்று வாசிப்பவர்கள் முடிவு கட்டிவிடுவார்கள். பெரும்பாலும் போனது ஆட்டமல்ல, இடம்.

ஏ.எச்.எல். தன்னைப் பயிற்சிக்களமாகக் கருதும் லீக். கோல்கீப்பர்களை நீக்கி ஓர் ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும் என்பது அதன் விதி. அந்த 13இல் 12 பேர், பருவத் தொடக்கத்தில் 260 அல்லது அதற்குக் குறைவான தொழில்முறை ஆட்டங்கள் ஆடியவர்களாகவும், ஒருவர் 320 வரை ஆடியவராகவும் இருக்கலாம். மீதி ஐந்து இடங்களுக்குத்தான் அனுபவசாலிகளின் போட்டி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஏ.எச்.எல். பருவம் இப்போது 72 ஆட்டங்கள். காயமின்றி நான்கு பருவங்கள் ஆடினால் 288. அதாவது, ஒழுங்காக ஆடியதற்கான பலனாகவே ஐந்தாம் பருவத்தில் அவர் 320 வரை ஆடியவருக்கான அந்த ஒற்றை இடத்துக்கோ, நெருக்கடியான ஐந்து இடங்களின் வரிசைக்கோ தள்ளப்படுகிறார். ஈ.சி.எச்.எல். லீக்கிலும் இதற்கு ஒப்பான கட்டுப்பாடு உண்டு. அங்கே 260 ஆட்டங்களைத் தொட்டவர்கள் ஓர் அணியில் நால்வர்தான். ஆகவே அந்த லீக்கில் முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரின் பெயரைக் கண்டால், நான்கே இடங்களில் ஒன்றை அவருக்கு ஒதுக்க ஒரு பயிற்சியாளர் துணிந்திருக்கிறார் என்று படியுங்கள்.

இங்கேயே இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். ஒரே பருவத்தில் ஓர் ஈ.சி.எச்.எல். அணிக்கு 40 ஆட்டங்கள், அதன் கீழே மூன்று வெவ்வேறு ஏ.எச்.எல். அணிகளுக்கு 3, 5, 8 ஆட்டங்கள் என்று வரிகள் இருக்கும். பார்ப்பதற்கு ஓரிடத்திலும் நிலைக்காதவர் போலத் தோன்றும். நடந்தது வேறு: மேல் லீக்கில் யாருக்கோ காயம், அணிகள் 25 ஆட்டங்கள் வரை செல்லும் முன்னோட்ட ஒப்பந்தத்தில் அவரை அழைத்திருக்கின்றன, காயம்பட்டவர் தேறியதும் திருப்பி அனுப்பியிருக்கின்றன. அந்தப் பருவத்தில் மூன்று மேலாளர்கள் அவருக்குத் தொலைபேசியிருக்கிறார்கள்.

ஐரோப்பாவுக்குப் போன வரிகளை வாசிக்கும்போது அங்கே வெளிநாட்டவருக்கு இருக்கும் இட எண்ணிக்கையைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவிட்சர்லாந்தின் முதல்தர லீக்கில் ஓர் ஆட்டத்துக்கு ஓர் அணியில் ஆறு வெளிநாட்டவர்கள்தான் இறங்கலாம். 2022–23க்கு முன் அது நான்கு. ஜெர்மனியின் டி.இ.எல். லீக்கில் ஒன்பது. இவ்வளவு குறைந்த இடங்களில் ஒன்றைப் பிடித்தவரிடம் அணி எதிர்பார்ப்பது கோல்களை. வட அமெரிக்காவில் நான்காம் வரிசையில் பத்து நிமிடம் ஆடியவருக்கு அங்கே, தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே ஆட்டமும் கிடைக்கும். மரபான ஐரோப்பிய ஆடுகளமும் வட அமெரிக்கக் களத்தைவிட அகலமானது, ஏறத்தாழ 26 மீட்டருக்கு எதிராக 30 மீட்டர். புள்ளிகள் இரட்டிப்பானதைக் கண்டு அவர் திடீரென்று சிறந்துவிட்டார் என்றோ, அந்த லீக் எளிது என்றோ முடிவு செய்யாமல், வேலை மாறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வதே சரி. டி.இ.எல். பருவம் 52 ஆட்டங்கள்தான் என்பதால், ஒப்பிடுபவர்கள் மொத்தப் புள்ளிகளை விட்டுவிட்டு ஓர் ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பார்க்க வேண்டும்.

காலியிடங்களும் குறைந்த எண்களும்

சில ஆண்டுகள் எல்லோருடைய பட்டியலிலும் சிதைந்தே இருக்கும். 2004–05 பருவம் கதவடைப்பால் என்.எச்.எல். லீக்கில் நடக்கவே இல்லை. அந்த ஆண்டு ஒருவர் ஐரோப்பாவில் ஆடியிருந்தால் அது இறக்கமல்ல. 1994–95, 2012–13 ஆகிய இரண்டும் கதவடைப்பால் 48 ஆட்டங்களாகச் சுருங்கியவை. பெருந்தொற்றால் 2020–21 பருவம் 56 ஆட்டங்களாயிற்று, ஈ.சி.எச்.எல். அணிகள் பல அந்தப் பருவத்தில் ஆடாமலே விலகின. இவற்றைக் கழித்த பின்னும் மிஞ்சும் காலியிடங்கள்தாம் வீரருக்கே உரியவை, பெரும்பாலும் காயம்.

கோல்கீப்பர்களின் பட்டியலைத் தனி அளவுகோலால் அளக்க வேண்டும். அணிக்கு இருவர்தான், அவர்களில் களத்தில் நிற்பவர் ஒருவர்தான். ஆகவே குறைந்த ஆட்டங்கள் இயல்பு. கர்ட்டிஸ் மெக்எல்ஹின்னியைப் பாருங்கள். கொலம்பஸிலிருந்து டொராண்டோ அவரை 2017இல் வேவர் வழியாக எடுத்தது. டொராண்டோவிலிருந்து கரோலினா 2018இல் அதே வழியில் எடுத்தது. இரண்டு முறை இரண்டு அணிகள் விட்டுவிட்ட அந்த மனிதர் 2019இல், 35 வயதில், தன் முதல் பிளே-ஆஃப் ஆட்டத்தைத் தொடங்கினார். அடுத்துச் சேர்ந்த டாம்பா பே 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளும் என்.எச்.எல். லீக்கின் ஸ்டான்லி கோப்பையை வென்றது. அந்த பிளே-ஆஃப் ஆட்டங்களைத் தொடங்கியவர் ஆந்திரேய் வாசிலெவ்ஸ்கி. அதனால் மெக்எல்ஹின்னியின் பட்டியலில் அந்தக் கோப்பைகளுக்கு நேரே ஆட்டங்களைத் தேடினால் கிடைக்காது.

களவீரர்களிலும் கோலுக்காக வைத்துக்கொள்ளப்படாதவர்கள் உண்டு. நடு ஆட்டக்காரரான சிலிஞ்சரைப் பல அணிகள் கேட்டதற்கு ஒரு முக்கியக் காரணம் ஃபேஸ்-ஆஃப்: நடுவர் ‘பக்’ எனும் ரப்பர் வட்டைப் போடும் நொடியில் அதைத் தன் அணிப் பக்கம் இழுக்கும் திறமை. பழைய பட்டியல்களில் அதற்கு நெடுவரிசை கிடையாது. எனவே ஒருவர் பத்துக் கோல்களோடு ஐந்து அணிகளில் தொடர்ந்து இடம் பிடித்திருந்தால், ஃபேஸ்-ஆஃப் விகிதம், ஆள் குறைவாக இருக்கும்போது களத்தில் நின்ற நேரம் ஆகியவற்றைத் தனியே தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் களத்தில் இருக்கையில் அவர் அணி அடித்த கோல்களுக்கும் வாங்கிய கோல்களுக்கும் உள்ள வித்தியாசமான, கூட்டல் கழித்தல் என்று குறிக்கப்படும் எண்ணை மட்டும் இவர்களுக்குப் பயன்படுத்தாதிருப்பது நல்லது. நலிந்த அணிகளுக்கு அடிக்கடி அனுப்பப்படும் ஒருவரின் கணக்கில், அவர் பங்கில்லாத கோல்களும் எழுதப்பட்டிருக்கும்.

சிலிஞ்சரின் கடைசி வரிகளில் இடுப்பு வலி இருக்கிறது. 2008–09இல் மிகச் சில ஆட்டங்கள் ஆடியபின், 2009இல் அவர் ஓய்வு பெற்றார். கொலம்பஸ் வரிக்கு மறுபடி ஒருமுறை திரும்பிப் பாருங்கள்: 2003 மே மாதத்தில் அந்த நகரத்தில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான், அந்தக் கோடையில்தான் டல்லஸ் வழியாக ஃபீனிக்ஸுக்குப் பெட்டி கட்ட வேண்டி வந்தது. கோல் சிலிஞ்சர் என்ற அந்த மகனை 2021ஆம் ஆண்டுத் தேர்வில் 12ஆவது இடத்தில், தந்தைக்கு ஓர் இடம் பின்னால், கொலம்பஸ் அணியே எடுத்தது. 2021–22 பருவத்தில் தொடங்கும் அவருடைய என்.எச்.எல். பட்டியலின் முதல் வரியில், தன் தந்தையைத் தான் பிறந்த கோடையில் அனுப்பிவிட்ட அணியின் பெயர் இருக்கிறது.